எங்க விட்டாலும் பொழச்சுக்குமாம்!

எங்க ஊர்ல பூனைகளை அதிகமா சாகடிக்கிறது லாரியும் இல்ல, தெருநாயும் இல்லைங்க. ஒரு வாக்கியம். "எங்க விட்டாலும் பொழச்சுக்கும்."

திருவண்ணாமலைல இதுக்கு ஒரு ஒட்டு வேற உண்டு. "சாமி ஊரு சார், யாராச்சும் சோறு போடுவாங்க." இந்த ரெண்டு வரியையும் தனக்குத்தானே சொல்லிக்கிட்டு, குட்டிகளைச் சாக்குல போட்டுக் கட்டி, வண்டி முன்னாடி வெச்சு, இருட்டினப்புறம் கிரிவலப் பாதைல ஏதோ ஒரு கோயில் வாசல்லயோ, ஆசிரமச் சுவர் ஓரத்துலயோ விட்டுட்டு வந்துடறது. வீட்டுக்குத் திரும்பும்போது மனசுல ஒரு பாரமும் இருக்காது. ஏன்னா கொல்லல பாருங்க, புண்ணிய ஸ்தலத்துல "விட்டிருக்கோம்"!

இந்தப் பதிவு அந்தப் புண்ணியக் கணக்கைப் பத்தினது. கொஞ்சம் காரமாத்தான் இருக்கும், முன்கூட்டியே சொல்லிடறேன்.

மொதல்ல பேரை ஒழுங்கா வெச்சுடுவோம். இதுக்குப் பேரு விடறது இல்ல, கைவிடறது. 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11-வது பிரிவு. பசியாலயோ தாகத்தாலயோ தவிக்கும்னு தெரிஞ்ச நிலைமைல, தகுந்த காரணம் இல்லாம ஒரு மிருகத்தைக் கைவிட்டா அது குற்றம். கோயில் வாசலா இருந்தா பரவால்லன்னு அதுல எங்கயும் எழுதல. அபராதத்தைக் கேட்டாத்தான் சிரிப்பு வரும். முதல் தடவைக்கு 10 ரூபாய்லேர்ந்து 50 ரூபாய் வரைக்கும். அந்தக் காசுக்கு கிரிவலப் பாதைல இன்னைக்கு ஒரு இளநி வருமாங்கறதே சந்தேகம். அதனால சட்டம் வந்து தடுக்கும்னு காத்திருக்காதீங்க. நாமதான் பேசணும்.

சரி, நிஜமாவே பொழச்சுக்குமா?

பூனைக்குட்டி முதல் நாலு வாரம் கிட்டத்தட்ட முழுசா தாய்ப்பாலை நம்பித்தான் இருக்கு. அதுக்கப்புறம்தான் மெதுவா வேற சாப்பாட்டுக்கு வரும். எட்டு வாரமாவது தாயோட இருக்கணும். எப்படிச் சாப்பிடறது, எதைக் கண்டா ஓடறது, நகத்தை எப்போ உள்ள இழுக்கறதுன்னு எல்லாத்தையும் தாய்கிட்டயும் கூடப் பொறந்ததுங்ககிட்டயும்தான் கத்துக்கும். வைணவத்துல தென்கலைக்காரங்க சரணாகதிக்குச் சொல்ற உவமையே இதுதான், மார்ஜார நியாயம். குரங்குக்குட்டி தாயைத் தானே பிடிச்சுக்கும். பூனைக்குட்டி எதையும் பிடிச்சுக்காது, தாய்தான் கழுத்தைக் கவ்வித் தூக்கிட்டுப் போகணும். முழுப் பொறுப்பும் தாய் மேல. கடவுளைத் தாய்ப்பூனைன்னு சொல்ற அளவுக்குப் போன ஊருங்க இது. அந்த வாய்லேர்ந்து குட்டியைப் புடுங்கி சாக்குல போட்டுட்டு, கடவுள் பாத்துப்பார்னு சொன்னா எப்படி?

வளர்ந்த பூனைன்னா இன்னும் மோசம். நாய் ஆளைப் பிடிச்சுக்கும், பூனை இடத்தையும் சேர்த்துப் பிடிச்சுக்கும். கதவு நிலை, நாற்காலிக் கால், உங்க முழங்கால்னு எல்லாத்துலயும் கன்னத்தைத் தேய்ச்சு தன் வாசனையை வெச்சு, "இது என் ஊரு"ன்னு ஒரு பட்டா போட்டு வெச்சிருக்கும். அதைத் தூக்கி அஞ்சு கிலோமீட்டர் தள்ளி விட்டீங்கன்னா, பட்டா இல்லாத ஊருக்கு நாடு கடத்தின மாதிரி. அங்க ஏற்கெனவே வேற பூனைங்க பட்டா போட்டிருக்கும். புதுசா வந்தது ஒண்ணு அடி வாங்கும், இல்ல பழைய வீட்டைத் தேடி ரோட்டுக்கு வரும். ரோட்டுக்கு வந்தா என்ன ஆகும்னு பெங்களூர் ரோட்டுல காலைல நடக்கறவங்களைக் கேளுங்க.

ஏட்டுச் சுரைக்காய்னு நெனைக்கிறவங்களுக்கு என் வீட்டு ஆதாரங்கள் மூணு.

முதல் ஆதாரம் கருப்பாயி. சாக்கு மூட்டைல வந்தவ. மூட்டைல மூணு குட்டி இருந்துச்சு, ரெண்டு அன்னைக்கு ராத்திரியே போயிடுச்சு. இவ இப்போ நல்லா கொழுகொழுன்னு இருக்கா. வீட்டுக்கு வர்ற எல்லாரையும் முறைப்பா, குக்கர் விசில் அடிச்சா பதிலுக்குக் கத்துவா, மழைத்தண்ணி தவிர வேற தண்ணி குடிக்க மாட்டேன்னு ஒரு சீசன் முழுக்க அடம் பிடிச்சா. பயம்னா என்னன்னே தெரியாத மகராசி. ஆனா மாசம் ஒரு தடவை அரிசி மூட்டை வீட்டுக்குள்ள வந்தா போதும், பீரோவுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்குவா. மறுநாள் வரைக்கும் வெளிய வர மாட்டா. இப்போ அவளுக்கு வயசு ஆறு. மறந்துடும், பொழச்சுக்கும்னு சொன்னவங்க வந்து அந்த பீரோ இடுக்குல ஒரு தடவை எட்டிப் பாக்கட்டும்.

ரெண்டாவது ஆடிட்டர். சாம்பல்ல கோடு போட்ட உடம்பு. எந்தப் பை வீட்டுக்குள்ள வந்தாலும் இவர் தணிக்கை பண்ணாம அலமாரிக்குப் போகாது. பக்கத்து வீட்டம்மா கோயிலுக்குப் போய்ட்டு வந்து பிரசாதம் குடுத்தா அதையும் மோந்து பாத்து நிராகரிப்பார். (பூனைக்கு இனிப்புச் சுவையே நாக்குல தெரியாதாம், அதுக்கான மரபணு வேலை செய்யாதுன்னு 2005ல கண்டுபிடிச்சாங்க. சர்க்கரைப் பொங்கலோட அருமை ஆடிட்டருக்கு இந்த ஜென்மத்துல கிடையாது!)

மூணாவது மினு. இவர் கதைதான் என்னை இதை எழுத வெச்சது.

நம்ம ஊர்ல குளிர்காலம் வந்தா வெளிநாட்டுக்காரங்க வந்து வாடகைக்கு வீடு எடுப்பாங்க, வெயில் ஏற ஆரம்பிச்சா கிளம்பிடுவாங்க. அப்படி ஒரு வீட்டுல அஞ்சு மாசம் ராஜா மாதிரி வளர்ந்தவர். மெத்தை, மீனு, மடி. மார்ச் மாசம் வீடு பூட்டியாச்சு. இவர் தினம் சாயந்திரம் அந்தக் காம்பவுண்டு சுவர் மேல வந்து உக்காந்து பூட்டின கதவைப் பாத்துக்கிட்டே இருப்பாரு. ஒரு மாசத்துக்கு மேல! எலும்பு தெரிய ஆரம்பிச்சப்புறம்தான் எங்க வீட்டுக்கு வந்தாரு. "பூஸ் பூஸ்"னு கூப்பிட்டா திரும்ப மாட்டாரு. "மினூ"ன்னு பிரெஞ்சுக்காரங்க பூனையைக் கூப்பிடுற மாதிரி இழுத்துக் கூப்பிட்டாத்தான் காது திரும்பும். அதனால அதுவே பேரு ஆயிடுச்சு. இப்பவும் வாசல்ல யாராச்சும் வேத்து மொழி பேசிக்கிட்டுப் போனா தூக்கத்துலேர்ந்து எழுந்து ஜன்னலுக்கு ஓடுவாரு.

இது வெளிநாட்டுக்காரங்களைத் திட்டற பதிவு இல்லைங்க. சாக்குல கட்டறது நம்மாளுங்கதான். ஒருத்தர் வெறுப்புல கைவிடறாங்க, இன்னொருத்தர் அன்பா வளர்த்துட்டுக் கைவிடறாங்க. பூனைக்கு ரெண்டும் ஒரே பட்டினிதான். அஞ்சு மாசம் விசா வெச்சுக்கிட்டு பதினஞ்சு வருஷம் வாழக்கூடிய ஜீவனைத் தத்தெடுக்காதீங்க. எடுத்தா, கிளம்பறதுக்கு முன்னாடி அதுக்கு ஒரு வீடு பாத்து வெச்சுட்டுக் கிளம்புங்க.

இப்போ எல்லாரும் சொல்ற இன்னொண்ணு. நாய் நன்றியுள்ளது, பூனை நன்றி கெட்டது. சின்ன வயசுல கேட்டிருப்பீங்களே, நாய் "எஜமானுக்கு நிறைய புள்ளைங்க பொறக்கணும்"னு வேண்டுமாம், பூனை "எஜமான் கண்ணு குருடாகணும்"னு வேண்டுமாம், திருட வசதியா. இதைச் சொல்லிட்டு அந்தப் பூனைக்கு நாம என்ன வைக்கிறோம்? தயிர்சாதம்.

பூனை உடம்புக்கு டாரின்னு ஒரு சத்து கண்டிப்பா வேணும். அதால தேவையான அளவுக்குத் தானே தயாரிச்சுக்க முடியாது. கறி, மீனுலதான் இருக்கு. அரிசில கிடையாது, பால் தயிர்ல பேருக்குத்தான். அது இல்லாம மாசக்கணக்குல போச்சுன்னா கண்ணோட விழித்திரை கெட்டு பூனை குருடாயிடும்னு 1975லயே கண்டுபிடிச்சுட்டாங்க. இதயமும் வீங்கிப் போகும்னு 1987ல தெரிஞ்சுது. ஆக, நம்ம கண்ணு குருடாகணும்னு பூனை வேண்டினதுக்கு ஆதாரம் இல்ல. பூனை கண்ணைக் குருடாக்கறது நம்ம தயிர்சாதம்ங்கறதுக்கு ஆதாரம் இருக்கு. யாருங்க நன்றி கெட்டவங்க?

சைவ வீடா, மீனு உள்ள வரக்கூடாதா, புரியுது. கடைல விக்கிற பூனைத் தீவனத்துல டாரின் சேர்த்திருக்காங்க, அதையாவது வாங்கிப் போடுங்க. அதுவும் முடியாதுன்னா பூனை வளர்க்காதீங்க. உங்க விரதத்தைப் பூனை மேல ஏத்தாதீங்க. அப்புறம் பால்... வளர்ந்த பூனைங்களுக்குப் பெரும்பாலும் பால் செரிக்காது, வயித்தால போகும். தண்ணி வைங்க, போதும்.

கடைசியா, இது சாமி ஊருங்கறீங்களே, அந்தச் சாமி ஊரோட புராணத்தையே எடுத்துக்குவோம். எல்லப்ப நாவலர் எழுதின அருணாசல புராணத்துல வச்சிராங்கத பாண்டியன் கதை வருது. ராஜா குதிரை மேல வேட்டைக்கு வர்றான். ஒரு புனுகுப் பூனையைத் துரத்தறான். அது மலையைச் சுத்தி ஓடுது, சுத்தி முடிச்ச இடத்துல விழுந்து செத்துப் போகுது, குதிரையும் விழுந்து சாகுது. ரெண்டும் துர்வாசர் சாபம் தீர்ந்து வித்யாதரர்களா மேல போயிடுது. ராஜா மட்டும் தரைல நிக்கிறான். ஏன்னு கேட்டா, பூனையும் குதிரையும் கால் நோக நடந்து சுத்துச்சு, நீ சவாரி பண்ணினேன்னு பதில் வருது. (புனுகுப் பூனை விலங்கியல்படி வேற குடும்பம்னு சண்டைக்கு வராதீங்க. தெரியும். நம்ம தமிழ் அதைப் பூனைன்னுதான் கூப்பிடுது.)

நாம எல்லாரும் சுத்தற அதே 14 கிலோமீட்டர். அந்தக் கதைல புண்ணியம் பூனைக்குப் போச்சு, துரத்தினவனுக்கு இல்ல. அதே பாதைல சாக்கை அவுத்துவிட்டுட்டு எட்டு லிங்கத்துக்கும் கற்பூரம் ஏத்தறோம்!

ரமணாசிரமத்துக்குப் போனவங்க பாத்திருப்பீங்க. லட்சுமிங்கற பசு, வள்ளிங்கற மான், ஒரு காக்கா, ஜாக்கிங்கற நாய், இதுங்களுக்கெல்லாம் அங்க சமாதி இருக்கு. லட்சுமி 1948 ஜூன் 18ல இறந்தது. ரமணர் மிருகங்களை "அது"ன்னு சொல்ல மாட்டாராம், "அவன், அவ"ன்னுதான் சொல்லுவாராம், நாய்களைப் "பசங்க"ம்பாராம். அஃறிணைல பேசலாம்னு இலக்கணம் அனுமதிச்சும் அவர் பேசல. நாம உயர்திணைல பேச வேணாம், சாக்குல கட்டாம இருந்தாப் போதும்.

எதிர்வாதங்களையும் பாத்துடலாம். "மனுஷனுக்கே சோறு இல்ல, பூனைக்கா?"ன்னு கேக்கறவங்க யாரும் மனுஷனுக்குச் சோறு போட்டு நான் பாத்ததில்ல. போடறவங்க இந்தக் கேள்வியைக் கேக்கறதும் இல்ல. "கருத்தடை பாவம்"னு ஒருத்தர் சொன்னாரு. பெண் பூனை அஞ்சாறு மாசத்துலயே சினையாகிடும், சுமார் 65 நாள்ல குட்டி போடும், பால் குடுத்துக்கிட்டு இருக்கும்போதே மறுபடி சினையாகும். கருத்தடை பாவம், குட்டிங்களைச் சாக்குல கட்டறது பாவம் இல்லையா? அப்புறம் "நாட்டுப் பூனைய யாரு சார் எடுப்பாங்க, பெர்சியன் வாங்கலாமே"ங்கறவங்க. பல நிறத்துக் குட்டிங்களைக் காட்டி மனுஷங்கள்ல உசத்தி தாழ்த்தி இல்லன்னு பாட்டு எழுதினாரு பாரதி. நாம பூனையிலயே உசத்தி ஜாதி பாத்து காசு குடுத்து வாங்கறோம். மே மாச வெயில்ல அந்தச் சப்பை மூக்கும் அடர்த்தி ரோமமும் படற பாடு வேற கதை.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. வீட்டுப் பூனைக்கு ஆறு மாசத்துக்குள்ள கருத்தடை. குட்டி போட்டுடுச்சா, எட்டு வாரம் தாயோட விட்டு, தடுப்பூசியை ஆரம்பிச்சு, வீடு தேடிக் குடுங்க. தத்தெடுக்கிறவங்க பதினஞ்சு வருஷத்துக்குச் சரின்னு தெரிஞ்சு எடுங்க. அது மடியில உக்காராது, கூப்பிட்டா வராது, ராத்திரி மூணு மணிக்கு அலமாரிலேர்ந்து டம்ளரைத் தள்ளிவிடும். அது அதோட குணம். நமக்குப் பிடிச்ச மாதிரி இருந்தாத்தான் சோறுன்னா அதுக்குப் பேரு வளர்ப்பு இல்ல, வேலைக்கு ஆள் எடுக்கறது.

எங்க விட்டாலும் பொழச்சுக்கும்னு சொல்றவங்களுக்கு ஒரே ஒரு கேள்வி. பொழச்சுதான்னு மறுநாள் போய்ப் பாத்தீங்களா?

டிஸ்கி: இதை அடிக்கும்போது ஆடிட்டர் ரெண்டு தடவை கீபோர்டு மேல நடந்து போனாரு. எழுத்துப் பிழை இருந்தா அவரைக் கேளுங்க. திட்டணும்னா மட்டும் பின்னூட்டத்துல என்னைத் திட்டுங்க :-)