கதிரின் அளவும் சர்க்காரின் கடமையும்

2021 முதல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்ட அனகாபுத்தூரில், நெசவாளி ஒருவர் தறியை விட்டெழுந்து அடையாற்றிலுள்ள புற்றுநோய் நிலையத்திற்குப் போய்வருவதென்றால் அன்றைய கூலி போயிற்று. அவருடைய பிள்ளைக்கு எலும்பில் புற்று கண்டு, சிகிச்சை முடிந்த பின்னும் இந்த அலைச்சல் தீர்வதில்லை. ஆஸ்டியோசார்க்கோமா என்னும் எலும்புப் புற்று பரவத் தொடங்கினால் பெரும்பாலும் முதலில் நுரையீரலையே நாடுகிறது. ஓரிரு சிறு முடிச்சுகளாயிருக்கையில் கண்டுகொண்டால், அறுத்தெடுத்துப் பிழைக்கவைக்க இடமுண்டு. ஆகவே சில மாதங்களுக்கொருமுறை மார்பைப் படமெடுத்துப் பார்த்துவருவது அவசியமாகிறது.

எதைக்கொண்டு பார்ப்பது? எக்ஸ்ரே படத்தில் ஒரு சென்டிமீட்டருக்குட்பட்ட முடிச்சுகள், விலா எலும்பின் மறைவிலும் இருதயத்தின் பின்னாலும் தப்பிவிடுகின்றன. ஸி.டி. ஸ்கான் சில மில்லிமீட்டர் முடிச்சையும் காட்டிவிடும். ஆனால் வழக்கமான மார்பு ஸ்கானில் உடலில் ஏறும் கதிர் சுமார் 7 மில்லிஸீவர்ட். திரும்பத் திரும்ப அதை ஏற்றுவது, அதிலும் குழந்தைகளின் இளம் உடலில் ஏற்றுவது, நோயைத் தேடப்போய் நோய்க்கு வித்திடுவதாகலாம். குறைந்த கதிர் ஸ்கானிலோ அது சுமார் ஒன்றரை மில்லிஸீவர்ட்தான். மண்ணும் வானமும் மனிதனுக்கு ஓராண்டில் அளிக்கும் இயற்கைக் கதிரின் உலக சராசரியாகிய 2.4-ஐக்காட்டிலும் குறைவு. நுரையீரல் காற்று நிறைந்ததாகையால், கரும்பலகையில் சுண்ணாம்புப் பொட்டுப்போல் முடிச்சு தெரிந்துவிடுகிறது. கல்லீரலுக்கு இந்த யுக்தி அவ்வளவாகச் செல்லாது.

அமெரிக்காவில் புகைபிடிப்போர் ஐம்பதினாயிரம் பேருக்கு மேல் வைத்து நடந்த சோதனையின் முடிவு 2011-இல் வெளியாயிற்று. எக்ஸ்ரேயைவிடக் குறைந்த கதிர் ஸ்கானால் நுரையீரல் புற்று மரணங்கள் நூற்றுக்கு இருபது குறைந்தன. அது நுரையீரலிலேயே தோன்றும் புற்றைப் பற்றியது. பரவி வரும் புற்றுக்கு அக்கணக்கை அப்படியே பொருத்துவது பிசகு. ஆயினும் சிறு முடிச்சைக் காட்டும் திறமைக்கு அது போதிய சாட்சி.

நமது நாட்டில் வேறொரு சங்கடமும் உண்டு. முடிச்செல்லாம் புற்றல்ல, க்ஷயரோகத்தின் பழைய வடுவும் முடிச்சாகவே தோன்றும். அதைப் புற்றென்று அஞ்சிக் கத்தி வைப்பதும், புற்றை வடுவென்று விட்டுவிடுவதும் ஒருங்கே ஆபத்தானவை. இதைப் பிரித்தறியும் அனுபவம் வெகுதூரத்தில் இல்லை. டாக்டர் சவுரிமுத்து 1928-இல் நிறுவிய தாம்பரம் சானடோரியம் இன்று சர்க்காரின் நெஞ்சக நோய் ஆஸ்பத்திரி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் எழுந்தது அடையாறு நிலையம். இவ்விரண்டின் வைத்தியர்களும் ஒரே படத்தைப் பார்த்துக் கலந்து முடிவு கூறட்டும். படம் ஒரு நொடியில் கம்பி வழியே போகிற காலத்தில் நோயாளி பஸ் ஏறுவானேன்?

இதற்குப் புது இயந்திரம் பெரும்பாலும் வேண்டியதில்லை. இருக்கும் இயந்திரத்தின் அளவைக் குறைத்து அமைத்தால் போதும். திறப்பு விழாவுக்கு இடமில்லாத சீர்திருத்தமாயிற்றே என்பதுதான் நமது கவலை! கதிரின் அளவை இயந்திரமே கணக்கிட்டுக் காட்டுகிறது. அதை ஒவ்வொரு ஸ்கான் அறிக்கையிலும், தனியார் நிலையங்கள் உட்பட, தமிழில் அச்சிட்டு நோயாளி கையில் கொடுக்கும்படி சர்க்கார் உடனே உத்தரவிட வேண்டும். மார்பின் மறுபரிசோதனைக்குக் குறைந்த கதிரையே விதியாக்கி, விலகுவோர் காரணத்தை எழுதிவைக்கும்படியும் செய்ய வேண்டும்.