டாஷ்போர்டுக்குள் கிடக்கும் பிஸ்டலில் எங்களுக்குப் பங்கு வேண்டாம்

"அவனுக்கு இரிக்கி, நமக்கு ஏன் ஏலாது?"

இந்தக் கேள்வியை இப்ப அடிக்கடி கேட்கிறோம். சவளக்கடைத் தேநீர்க்கடையில் கேட்கிறோம், கல்முனைக்குப் போற பஸ்ஸில் கேட்கிறோம், லீவில் வந்து நிற்கிற வெளிநாட்டு மச்சான்மாரின் வாயிலும் கேட்கிறோம். அவன் என்றால் எம்.பி., முன்னாள் எம்.பி., தவிசாளர், கொந்தராத்தில் கொழுத்தவர். இரிக்கி என்பது பிஸ்டல். கள்ளத் துவக்கு இல்லை, பாதுகாப்பு அமைச்சின் லைசன்ஸோடு வாகனத்தின் டாஷ்போர்டுக்குள் கிடக்கிற பிஸ்டல். நமக்கு என்றால் நாங்கள்தான். அடி வாங்கின சமூகம், கடை எரிந்த சமூகம், பள்ளி உடைந்த சமூகம். ஆகவே நம்மிலும் நாலு பேர் சட்டப்படி ஒன்றை எடுத்து வாகனத்தில் வைத்துக்கொண்டு திரிந்தால் யாரும் கை வைக்க யோசிப்பான் என்று சொல்றாங்க.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இதில் ஒரு வரியும் சரியில்லை என்று நாங்கள் நினைக்கிறோம்.

முதலில் அந்த லைசன்ஸ் என்ன சாமான் என்று பார்ப்போம். இந்த நாட்டில் துவக்கை ஆளும் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் எழுதியது, 1996இல் தண்டனைகளைக் கூட்டினார்கள். வயல் காக்கிற வேட்டைத் துவக்குக்கு மாவட்டச் செயலாளரிடம் போகவேணும். உயிர்ப் பாதுகாப்புக்கு என்று கேட்கிற பிஸ்டலுக்கும் ரிவோல்வருக்கும் கொழும்பில் பாதுகாப்பு அமைச்சிடம் போகவேணும். ஒருவருடைய பெயருக்குத்தான் தருவார்கள். சாரதிக்கோ மகனுக்கோ மச்சானுக்கோ அது செல்லாது. ஒவ்வொரு டிசம்பர் 31ஆம் திகதியும் காலாவதியாகும், புதுப்பிக்காவிட்டால் ஜனவரி முதலாம் திகதி விடியும்போது நீங்கள் குற்றவாளி. தருவது அரசு, திருப்பி எடுப்பதும் அரசு. 2024 நவம்பரில் தற்பாதுகாப்புக்கென்று கொடுத்த துவக்குகளையெல்லாம் மீளாய்வுக்காகத் தற்காலிகமாக ஒப்படைக்கச் சொல்லி அமைச்சு ஒரே அறிவித்தல்தான் விட்டது. பெரிய பெரிய ஆட்களெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அரசை நம்ப ஏலாது என்பதால் துவக்கு வேணும் என்கிறவர், அந்தத் துவக்கை அதே அரசிடம் கெஞ்சி வாங்கி, வருசத்துக்கு வருசம் அதே அரசிடம் போய் முத்திரை குத்திக்கொள்ளவேணும். இதை யோசித்துப் பார்த்தவர்கள் குறைவு.

சரி, கிடைத்துவிட்டது என்றே வைப்போம். வாகனத்தில் இருக்கு. பத்திரமும் பொக்கெட்டில் இருக்கு. இரவு பத்து மணி, பொலிஸ் மறிக்குது. என்ன நடக்கும்?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு பதில் இருக்கு. பிலாண்டோ காஸ்டில் என்று ஒருவர். கறுப்பினத்தவர், வயது 32, மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் போல் நகரில் ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் மேற்பார்வையாளர். கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதிப்பத்திரம் எடுத்தவர். 2016 ஜூலை 6ஆம் திகதி இரவு அவருடைய காரைப் பொலிஸ் மறித்தது. காரில் அவருடைய தோழியும், பின்சீற்றில் தோழியின் நாலு வயது மகளும் இருந்தார்கள். தன்னிடம் துப்பாக்கி இருக்கு என்று காஸ்டில் தானாகவே மரியாதையாகப் பொலிஸ்காரருக்குச் சொன்னார். அப்படிச் சொன்ன சில விநாடிகளில் அந்தப் பொலிஸ்காரர் ஏழு தடவை சுட்டார். சீற் பெல்ட் போட்டபடி இருந்த மனிதன் செத்துப்போனான். மறு வருடம் ஜூனில் ஜூரிமார் பொலிஸ்காரரைக் குற்றவாளி இல்லை என்று விட்டார்கள். காஸ்டிலை அதற்கு முன் 13 வருசத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட தடவை வீதியில் மறித்திருக்கிறார்கள் என்ற கணக்குப் பிறகுதான் வெளியில் வந்தது.

துவக்கு வைத்திருப்பதை அரசியலமைப்பில் எழுதி வைத்த நாடு அது. டெக்சாஸில் 2007இலிருந்து சொந்த வாகனத்தில் கைத்துப்பாக்கி வைக்க லைசன்ஸே தேவையில்லை. அங்கிருந்து லீவில் வாற எங்கட மச்சான் அதைத்தான் பெருமையாகச் சொல்றார். காஸ்டிலின் பெயரைச் சொல்றதில்லை. ஆயுத உரிமைக்கு ஊரைக் கூட்டுகிற தேசிய ரைபிள் சங்கமும் அந்த வாரம் அவர் பெயரைச் சொல்லாமல் ஒரு சின்ன அறிக்கையோடு நின்றுகொண்டது. இன்னும் பழைய கதையும் இருக்கு. 1967இல் கலிபோர்னியாவில் கருஞ்சிறுத்தைகள் இயக்கத்துக் கறுப்பு இளைஞர்கள், அப்போதைய சட்டத்துக்கு உட்பட்டே, துவக்குகளோடு காரில் ரோந்து போய்ப் பொலிஸைக் கண்காணித்தார்கள். அதே வருசம் ரொனால்ட் ரீகன் ஆளுநராக இருந்து, பொது இடத்தில் குண்டு நிரப்பிய துவக்கு கொண்டுபோவதைத் தடுக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ரைபிள் சங்கமும் ஆதரித்தது. உரிமை எல்லாருக்கும் என்று எழுதியிருக்கும், ஆனால் வீதியில் மறிக்கிறவன் வாசிப்பது பத்திரத்தை இல்லை, முகத்தை.

இனி எங்கட வீதிக்கு வாங்க. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு, அந்த 26ஆம் திகதி சாய்ந்தமருதில் வெடித்ததற்குப் பிறகு, இந்தக் கரையோரத்தில் பெயர் சொல்லி மறிபட்டவர்கள் எத்தனை பேர்? அந்த மே மாதம் வாளும் பெரிய கத்தியும் வைத்திருப்பவர்கள் ஒப்படைக்கவேணும் என்று பொலிஸ் அறிவித்தது. கறிக்கத்திக்கும் தேங்காய்க் கத்திக்கும் வீட்டுக்காரர்கள் பயந்த நாட்கள் அவை. குர்பான் கத்தியை எங்கே வைப்பது என்று உம்மாமார் பதறியதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். அந்த நாட்களில் வாகனத்துக்குள் ஒரு பிஸ்டல் அகப்பட்டிருந்தால், அமைச்சின் முத்திரை போட்ட பத்திரத்தை யாராவது நின்று வாசித்திருப்பாங்களா? அடுத்த நாள் செய்தித் தலைப்பை நீங்களே எழுதிப் பாருங்க.

அப்போ, 2018இல் அம்பாறையில் அடிச்சாங்களே, ஒரு துவக்கு இருந்தா அடிச்சிருப்பாங்களா என்று கேட்கிறாங்க. நியாயமான கோபம், அதனால் இதற்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்லவேணும். பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடையில் கொத்துக்குள் மலட்டு மாத்திரை என்றார்கள். கடையை அடித்தார்கள், பள்ளிவாசலை உடைத்தார்கள், வாகனங்களை எரித்தார்கள். அது வெறும் மாக்கட்டி என்று பிறகு அரச பகுப்பாய்வாளர் சொன்னார். சனம் சூழ்ந்து நின்ற அந்தக் கடைக்காரரின் கையில் ஒரு பிஸ்டல் இருந்திருந்தால்? ஒருவனைச் சுட்டிருக்கலாம், இருவரைச் சுட்டிருக்கலாம். பிறகு? அடுத்த வாரம் திகனயில் என்ன நடந்தது என்று பாருங்க. வீதித் தகராறொன்றில் நாலு முஸ்லிம் பொடியன்கள் அடித்ததில் ஒரு சிங்கள லொறிச் சாரதி ஆஸ்பத்திரியில் இறந்தார். அந்த ஒரு மரணத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்டி மாவட்டத்தில் கடை, வீடு, பள்ளி என்று எரித்தார்கள், நாட்டில் அவசரகாலச் சட்டம் போட்டார்கள். மாக்கட்டியை மாத்திரையாக்கின கூட்டத்துக்கு, ஒரு முஸ்லிமின் லைசன்ஸ் துவக்கிலிருந்து போன உண்மையான குண்டு கிடைத்திருந்தால் அம்பாறையோடு நின்றிருக்குமா? சுட்டவர் ஒருவர், விலை கொடுப்பது அக்குறணையிலும் மினுவாங்கொடையிலும் கடை வைத்திருப்பவன்.

இன்னொரு கதை எங்கட ஆட்கள் மேடையில் சொல்லமாட்டார்கள், நாங்கள் சொல்றோம். பாதுகாப்புக்கென்று எங்களுக்குத் துவக்கு தந்த காலம் ஒன்று இருந்தது. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிகளில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த வாரம் ஏறாவூர். வீட்டில் வாப்பாமார் இன்றைக்கும் அந்தப் பெயர்களைச் சொல்லிவிட்டு அமைதியாகிவிடுவார்கள். அந்தப் பயத்தில்தான் முஸ்லிம் ஊர்களில் ஊர்காவல் படை பெருகியது, அரசு துவக்கு கொடுத்தது. சட்டப்படி, பதிவு போட்டு, தற்காப்புக்கென்று. அதே ஓகஸ்ட் 12ஆம் திகதி, இங்கேயிருந்து அதிக தூரமில்லாத வீரமுனையில் பிள்ளையார் கோயிலில் தஞ்சமிருந்த தமிழ்ச் சனம் கொல்லப்பட்டது. அதில் ஊர்காவல் படையினர் மேல் விழுந்த குற்றச்சாட்டு இன்றைக்கும் அங்கேயே நிற்குது. யாரும் தீர்ப்பு எழுதவில்லை. எங்கள் கூட்டத்தில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் இருக்கிறோம், கிட்டங்கித் தாம்போதியில் வெள்ளம் ஏறினால் ஒரே உழவு மெசினில் ஏறி அந்தப் பக்கம் போறவர்கள். தற்காப்பு என்று கொடுத்த துவக்கு எந்தப் பக்கம் திரும்பும் என்பதைக் கொடுத்தவனும் வாங்கினவனும் முடிவு செய்யமுடியாது என்பதை நாங்கள் புத்தகத்தில் படிக்கத் தேவையில்லை.

ஒவ்வொரு செப்டெம்பர் 16ஆம் திகதியும் அஷ்ரஃப் அவர்களின் நினைவு மேடையில் ஏறி, முஸ்லிம் இளைஞரைத் துவக்குப் பக்கம் போகவிடாமல் வாக்குப்பெட்டிப் பக்கம் திருப்பிய தலைவர் என்று தொண்டை கிழியப் பேசுறாங்க. பேசி முடித்து இறங்கி, கறுப்புக் கண்ணாடி வாகனத்தில் ஏறுறாங்க. முன்னுக்கு ஒரு துவக்கு, பின்னுக்கு ஒரு துவக்கு. எங்களுக்குச் சிரிப்பு வருது.

அந்தத் துவக்காவது அவர்களைக் காக்குதா? 2022 மே 9ஆம் திகதி பொலன்னறுவை எம்.பி. அமரகீர்த்தி அத்துகோரள கொழும்பிலிருந்து திரும்பும் வழியில் நிட்டம்புவையில் சனம் வாகனத்தை மறித்தது. வாகனத்தில் ஆயுதம் தாங்கிய மெய்ப்பாதுகாவலர் இருந்தார், எல்லாம் சட்டப்படி. அந்த இடத்தில் சூடு நடந்தது, ஒரு இளைஞன் செத்தான். அதற்குப் பிறகு எம்.பி.யும் பாதுகாவலரும் ஒரு கட்டடத்துக்குள் ஓடி, அங்கே கொல்லப்பட்டார்கள். அந்த நாளில் எத்தனையோ அரசியல்வாதிகளின் வாகனங்கள் மறிபட்டன, அடிபட்டன, அவர்களில் பெரும்பாலானவர்கள் உயிரோடு வீடு போனார்கள். 2025 ஒக்டோபர் 22ஆம் திகதி வெலிகம பிரதேச சபைத் தவிசாளர் லசந்த விக்கிரமசேகரவைச் சபை அலுவலகத்துக்குள்ளேயே, கதிரையில் இருக்கும்போது சுட்டுக் கொன்றார்கள். கொல்ல வந்தவன் மோட்டார் சைக்கிளில் வந்து சில விநாடிகளில் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டான். வெளியில் நிறுத்தியிருக்கிற வாகனத்துக்குள் பிஸ்டல் இருந்து என்ன செய்யும்? தவிசாளர்மாருக்கு உயிர்ப்பயம் இருப்பது பொய்யில்லை. அதற்குப் பொலிஸ் இருக்கு, புலனாய்வு இருக்கு, கொலைகாரனுக்குக் காசு கொடுக்கிற போதை வியாபாரியைப் பிடிக்கிற வேலை இருக்கு. அதைக் கேட்பதை விட்டுவிட்டு ஆளுக்கொரு பிஸ்டல் கேட்பது, வெள்ளத்துக்குப் பாலம் கேட்காமல் ஆளுக்கொரு டியூப் கேட்பது மாதிரி. (கிட்டங்கிக்காரர்களுக்கு இது விளங்கும்.)

வாகனத்தில் வைப்பது என்ற விசயத்துக்கும் வருவோம், அதை யாரும் பேசுறதில்லை. பள்ளிக்குள் துவக்கோடு போக ஏலாது. கோயிலுக்குள் ஏலாது. கோட்டுக்குள், ஆஸ்பத்திரி வார்ட்டுக்குள், பிள்ளையின் ஸ்கூல் கூட்டத்துக்குள் ஏலாது. ஆகவே ஆள் இறங்கிப் போவார், பிஸ்டல் காருக்குள் தனியாகக் கிடக்கும். கார்க் கண்ணாடி ஒரு செங்கல்லுக்குத் தாங்காது. அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டுக்கு நகரப் பொலிஸ் பதிவுகளைக் கூட்டிப் பார்த்தபோது, களவுபோன துவக்குகளில் பாதிக்கு மேல் வாகனங்களிலிருந்து போனவை. களவெடுக்கிறவன் அதைக் கொண்டுபோய்ப் பொலிஸில் கொடுக்கப்போவதில்லை. டெனசி மாநிலத்தில் 2013இல் அனுமதிப்பத்திரக்காரர்கள் வேலைத்தலத்துத் தரிப்பிடத்தில் காருக்குள் துவக்கு வைக்கலாம் என்று சட்டம் செய்தார்கள். கொலராடோவில் இந்தக் களவைக் கண்டு, ஆளில்லா வாகனத்தில் கைத்துப்பாக்கி வைப்பதென்றால் பூட்டிய கெட்டிப் பெட்டிக்குள், வெளியில் தெரியாமல் வைக்கவேணும் என்று 2025 ஜனவரியிலிருந்து கட்டாயமாக்கியிருக்கிறார்கள். அவ்வளவு துவக்குப் பைத்தியமான நாடே பெட்டிக்குப் பூட்டுத் தேடுது. இங்கே ஐயா இறங்கிப்போன பிறகு காருக்குள் இருப்பது யார்? சாரதித் தம்பி. பின்சீற்றில் போன் சார்ஜருக்கு டாஷ்போர்டைக் கிண்டுகிற பிள்ளை. லைசன்ஸ் ஐயாவின் பெயரில் இருக்கு, விசைக்கு அந்தப் பெயர் தெரியாது.

இதே பிரதேசத்தில் உண்மையிலேயே துவக்குக்குக் காரணம் உள்ள ஆட்கள் இருக்கிறார்கள். வட்டைக்குள் வாடி கட்டி, வேளாண்மை குடலைப் பருவத்துக்கு வந்த நாளிலிருந்து அறுவடை மட்டும் இரவு முழுக்க முழித்திருக்கிறவர்கள். யானை வந்தால் அவர்களிடம் இருப்பது யானை வெடியும் டோர்ச்சும் தொண்டையும். வேட்டைத் துவக்கு உள்ள போடியாரும் அதைப் புதுப்பிக்கக் கச்சேரிக்கு அலையவேணும். அவர்களில் யாரும் "அவனுக்கு இரிக்கி" என்று கேட்டு நாங்கள் கேள்விப்படவில்லை. மின்வேலி எப்ப வரும் என்றுதான் கேட்கிறாங்க.

பெரியவர்கள் வைத்திருக்கிறார்கள், ஆகவே நமக்கும் வேணும் என்பது பங்கு கேட்கிற பேச்சு. காணியில், பல்கலைக்கழக அனுமதியில், அரச வேலையில் பங்கு கேட்போம், விடமாட்டோம். இதில் மட்டும் எங்கட பங்கையும் சேர்த்துக் குறைக்கச் சொல்லித்தான் கேட்கவேணும். திருப்பி எடுத்த பிஸ்டல்களைத் திருப்பிக் கொடுக்காதே என்று கேட்கவேணும். எங்கட எம்.பி.மாருக்கும் கொடுக்காதே என்று முதலில் நாங்களே கேட்கவேணும், அப்பதான் மற்றவனிடமிருந்தும் எடு என்று சொல்ல வாய் இருக்கும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பாதுகாப்பு அமைச்சுக்கு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். அம்பாறை மாவட்டத்தில் தற்பாதுகாப்புக்கென்று இப்போது நடைமுறையில் உள்ள கைத்துப்பாக்கி அனுமதிப்பத்திரங்கள் எத்தனை, 2024இல் ஒப்படைத்தவை எத்தனை, அதில் திருப்பிக் கொடுத்தவை எத்தனை. மூன்று எண்கள் மட்டும், யாருடைய பெயரும் கேட்கவில்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேணும். தேசிய பாதுகாப்பு என்று சொல்லி மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், அதற்கான படிவத்தையும் எடுத்து வைத்திருக்கிறோம். ஒருவர் அனுப்புவதைவிட ஆளுக்கொன்றாகப் பத்துப்பேர் அனுப்பினால் நல்லம். அடையாள அட்டையோடு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வாசிகசாலைக்கு வாங்க, படிவம் தமிழில் இருக்கு.