மூலபாடமும் ஓடுகிற வண்டியும்

சென்ற மாதம் எம் வீட்டுக்கு ஒரு பெரியவர் வந்திருந்தார். பழைய கார்களைச் சேகரிப்பவர்; பண்பாளர்; நிறையப் படித்தவரும்கூட. கொட்டகையில் நிற்கும் எங்கள் ஸ்டாண்டர்டு ஹெரால்டை இரண்டு முறை சுற்றிவந்தார். கதவைத் திறந்து மூடி ஓசை கேட்டார். பானட்டைத் தூக்கியதும் அவர் முகம் மாறிவிட்டது. "இது ஹெரால்டு இன்ஜின் இல்லையே" என்றார். "இல்லீங்க, ஃபியட்டு" என்றார் எம் தந்தையார். வந்தவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, துக்கம் விசாரிக்க வந்தவரின் குரலில், "அப்படியானால் இது ஹெரால்டே இல்லை, ஐயா" என்று சொல்லிவிட்டுத் தேநீர் அருந்திச் சென்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை மறுக்கவே இக்கட்டுரை. இலக்கியம் பேசும் இடத்தில் கார் எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். விஷயம் ஏட்டுச்சுவடிவரை வந்து சேரும்.

முதலில் வண்டியைப் பற்றி. இங்கிலாந்தில் 1959-இல் ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த கார் இது. வடிவமைத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் இதை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று தயாரித்தது. இதே காரின் சட்டகத்தைக் குறுக்கித்தான் 1962-இல் ட்ரையம்ப் நிறுவனம் ஸ்பிட்ஃபயர் என்ற இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் காரை அங்கே வெளியிட்டது. அதிகப் பணமில்லாத இளைஞர்களுக்காக. ஸ்பிட்ஃபயர் நம் ஊர்க் கடைக்கு வரவேயில்லை. அதன் தாயாதி வந்தது. அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்று மூன்றே பெயர்கள் இருந்த காலத்தில், வேகப் பித்துக் கொண்ட ஒரு நடுத்தர வர்க்கத்து இளைஞன் கனவு காணக்கூடியதாக இருந்தது இந்த இரண்டு கதவு ஹெரால்டுதான்.

உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று சோழவரத்தில் இருந்தது. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பிற்பாடு 1990-இல் இருங்காட்டுக்கோட்டைக்கு இடம் மாறும்வரை, அங்கேதான் பந்தயங்கள் நடத்திவந்தது. எம் தந்தையார் 1970-களில் கோவையிலிருந்து ரயிலேறிப் போய் அந்தப் பந்தயங்களைப் பார்த்தவர். அங்கே ஓடிய ஹெரால்டுகளிலும் ஃபியட்டுகளிலும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்த வண்டி எது என்று கேட்டால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். தலைப்பகுதியைச் சீவியது, கார்ப்பரேட்டரை மாற்றியது, சீட்டைக் கழற்றி எடை குறைத்தது என்று ஒவ்வொன்றும் ஒரு மெக்கானிக்கின் கைவரிசை. கோவைக்காரரான கரிவரதன், சாதாரணக் குடும்பக் காரான மாருதியின் இன்ஜினை எடுத்துப் பந்தயக் கார் கட்டியவர்; 1995-இல் மறைந்தார். மாற்றக்கூடாது என்று அவரிடம் யாரேனும் சொல்லியிருந்தால் இந்நாட்டு இளைஞர்கள் பலர் பந்தயக் காரில் அமர்ந்தே இருக்கமாட்டார்கள்.

எங்கள் வண்டி 1966-ஆம் ஆண்டினது. 2023-இல் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பில், தேங்காய் மட்டைகளுக்கு நடுவே கிடந்ததை 60,000 ரூபாய்க்கு வாங்கினோம். இந்நாளில் ஒரு புது ஸ்கூட்டருக்கு இதைவிட அதிகம் கொடுக்க வேண்டும். எம் தந்தையார் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் 34 ஆண்டுகள் வேலைபார்த்து 2009-இல் ஓய்வு பெற்றவர். பேருந்துகளைப் பிரித்துப் பூட்டிய கை. பதினான்கு ஆண்டுகள் அந்தக் கைக்கு வேலையில்லாமல் இருந்தது. வீட்டு மிக்சியையும் தண்ணீர் மோட்டாரையும் எத்தனை முறைதான் பிரிப்பது?

இந்த வண்டியின் முந்தைய உரிமையாளர் ஒரு பள்ளி ஆசிரியர். ஸ்டாண்டர்டு நிறுவனம் 1980-களின் இறுதியில் உற்பத்தியை நிறுத்தியபின் உதிரிபாகங்கள் அருகிப்போயின. 1993-இல் இன்ஜின் பிளாக்கில் விரிசல் விட்டது. அப்போது அவர் முன் இரண்டு வழிகள்தாம் இருந்தன. காயலான் கடையில் எடைக்குப் போடுவது ஒன்று. கிடைத்த இன்ஜினைப் பொருத்தி ஓட்டுவது மற்றொன்று. கோவையில் பெயர் தெரியாத ஒரு மெக்கானிக் தகடு வெட்டி, துளையிட்டு, ஃபியட் இன்ஜினை அந்தச் சட்டகத்தில் உட்கார வைத்திருக்கிறார். ஆர்.சி. புத்தகத்தில் முறைப்படி பதிந்தும் இருக்கிறார்கள். அதன்பின் பதினைந்து ஆண்டுகள் அந்த வண்டி ஓடியது. ஆசிரியரின் இரண்டு பெண்களும் அதில்தான் கல்லூரிக்குப் போயிருக்கிறார்கள்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 50 ஆண்டு கடந்த வாகனங்களுக்குப் 'பழம்பெரும் வாகனம்' என்ற தனித் தகுதியை வழங்கியது. வரவேற்கத்தக்கதுதான். ஆனால் நிபந்தனையைப் பாருங்கள். வாகனம் மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். சட்டகத்திலோ உடலிலோ இன்ஜினிலோ மாற்றம் உள்ளிட்ட பெரும் பழுதுபார்ப்பு எதுவும் நடந்திருக்கக் கூடாது. அந்தத் தகுதி பெற்ற வண்டியோ கண்காட்சிக்கும் பழங்கார் அணிவகுப்புக்கும் ஆய்வுக்கும், எரிபொருள் நிரப்பவும், பராமரிப்புக்கும் போகலாம். அன்றாடம் சாலையில் ஓடக்கூடாது. தகுதி பெறாத வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆயிற்று.

கட்டணத்தைப் பற்றி நமக்குப் பெரிய வழக்கில்லை. வழக்கு அந்த 'மூல வடிவம்' என்ற சொல்லோடுதான். இந்நாட்டில் அறுபது ஆண்டுகள் மூல வடிவம் மாறாமல் ஒரு கார் இருக்க முடியும் என்றால் அது யாருடைய காராக இருக்கும்? ஐந்தாறு கார்களுக்கு நடுவே அதையும் ஒன்றாக நிறுத்தி, மேலே துணி போர்த்தி, மாதம் ஒருமுறை ஓட்டுநரை விட்டு உயிர்ப்பிக்கச் சொன்னவருடைய காராகத்தான் இருக்கும். ஒரே வண்டியை வைத்துக்கொண்டு அதிலேயே ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் போன ஆசிரியருடைய கார் எப்படி மாறாமல் இருக்கும்? உழைத்த வண்டி மாறியிருக்கும். உழைக்காத வண்டிதான் மாறாமல் இருக்கும். உழைக்காததற்குப் பட்டயமும் உழைத்ததற்குத் தகுதியின்மையும் வழங்குகிற இந்த அளவுகோலை மரபுப் பாதுகாப்பு என்று சொன்னால் நாம் ஏற்பதற்கில்லை. அது பணக்காரக் கொட்டகைகளின் பாதுகாப்பு. வந்த பெரியவர் தீயவர் அல்லர். ஆயினும் அவர் சொன்னதும் இதே அளவுகோல்தான். அழுகிய நிலையிலாவது ஒரு பழைய 948 சி.சி. இன்ஜினைத் தேடிப்பிடித்து வாங்கி, இதைக் கழற்றிவிட்டு அதை வைத்தால் வண்டிக்கு 'மதிப்பு' வரும் என்று போகும்போது ஆலோசனையும் சொன்னார். அவர் போனபின் எம் தந்தையார் கேட்டது: "ஓடறதைக் கழட்டி வீசிப்போட்டு ஓடாததை மாட்டோணுமாக்கும்? என்ன கண்ணு இது?"

தமிழ் படித்தவர்களுக்கு இந்த வழக்கு புதியதன்று. பனையோலை ஏட்டின் ஆயுள் சில நூற்றாண்டுகள். கறையானும் ஈரமும் சேர்ந்தால் அதுவும் இல்லை. சங்க நூல்கள் நம் கைக்கு வந்ததற்குக் காரணம், தலைமுறைதோறும் யாரோ ஒருவர் அமர்ந்து பெயர்த்தெழுதியதுதான். எழுதியவர்கள் பிழைவிட்டார்கள்; புரியாத இடத்தில் தமக்குப் புரிந்ததை எழுதினார்கள்; சிதைந்த அடியைத் தாமே இட்டு நிரப்பியவர்களும் உண்டு. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றியபோது அவர் மேசைமீது இருந்தவை இத்தகைய கைபட்ட ஏடுகளே. அவர் பல ஏடுகளை ஒப்பிட்டார், வேறுபாடுகளைக் குறித்துவைத்தார். கலித்தொகையைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம் பிள்ளைக்கும் கிடைத்தவை அப்படிப்பட்டவையே. மாற்றம் நேர்ந்த ஏடெல்லாம் ஏடே அன்று என்று அவர்கள் ஒதுக்கியிருந்தால் நாம் இன்று வகுப்பில் நடத்துவதற்கு என்ன இருந்திருக்கும்? பாடபேதத்தைக் குறித்து வைப்பது வேறு, பாடபேதம் உள்ளதால் நூலை எரிப்பது வேறு.

எங்கள் வண்டியிலும் அப்படி ஒரு குறிப்பு இருக்கிறது. ஃபியட் இன்ஜினைத் தாங்கும் தகட்டின் ஓரத்தில், உளியால் தட்டிய இரண்டு எழுத்துகளும் '93' என்ற எண்ணும். ஏட்டின் கடைசியில் பெயரும் நாளும் எழுதி முடித்த ஏடெழுதிகளை நினைத்துக்கொண்டோம். துரு சுரண்டும்போது அதைக் கண்டெடுத்தவர் எம் தந்தையார்தான், அவருக்குக் கண்புரை. விரலால் தடவிப் படித்தார்.

ஆனால் எதையும் எப்படியும் மாற்றலாம் என்று நாம் சொல்வதாக எவரும் திரிக்க வேண்டாம். ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டப்பட்டிருக்கும். அது ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சக்கரம் அந்த மரையில்தான் திரும்புகிறது. ட்ரன்னியன் என்று பெயர். அங்கே விட வேண்டியது கியர் ஆயில். கிரீஸ் அடித்தால் மரையின் அடிவரை இறங்காது. நீர் தங்கித் துருவேறி, ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிக்கொள்ளும். எங்கள் வண்டியில் யாரோ ஆண்டுக்கணக்காகக் கிரீஸ் அடித்திருந்தார்கள். அதைக் கண்டதும் எம் தந்தையாருக்கு வந்த கோபம் நாம் சிறுவயதில் பார்த்த கோபம். செய்தவனை அவர் மன்னிக்கவில்லை. ஃபியட் இன்ஜின் வைத்தவனைப் பாராட்டியவரும் அவரே. முன்னது சோம்பல், பின்னது அறிவு. அந்த வேறுபாட்டை அறிய வண்டியின் கீழே படுத்துப் பார்க்க வேண்டும். விதிப்புத்தகத்தின் 'மாற்றம்' என்ற ஒற்றைச் சொல்லால் அறிய முடியாது.

புது ட்ரன்னியனை இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். எம் தந்தையார் கணபதியில் உள்ள ஒரு கடைசல் பட்டறைக்கு எம்மை அழைத்துப் போனார். கன்மெட்டல் கட்டையில் ஒன்றைக் கடைந்து தரச் சொன்னார். ஒரு பக்கத்துக்கு வழக்கமான மரை, மறுபக்கத்துக்கு எதிர்மரை. பட்டறைக்காரர் மூன்று முறை கடைந்தார். இரண்டை இவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அளவுக் கருவியைப் பார்க்கவில்லை, பார்க்கக் கண்ணும் இல்லை. தண்டைத் திருகிப் பார்த்து, விரல் சொன்னதை வைத்துத் தீர்ப்பு.

அந்தப் பட்டறையில் நின்றபோதுதான் நமக்கு நம் படிப்பின்மீதே கோபம் வந்தது. 'ரெண்டு நூல் வாசர் எடு' என்றார். எடுக்கத் தெரியவில்லை. நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு என்பது பட்டறையில் தேநீர் வாங்கி வரும் பையனுக்குத் தெரியும். இருபது ஆண்டுகள் தமிழ் நடத்திய நமக்குத் தெரியாது. மரத்தின் கோணலைத் தச்சன் நூலிட்டு நீக்குவதுபோல் மனத்தின் கோணலை நீக்குவதால் நூலுக்கு நூல் என்று பெயர் வந்தது என்பது நன்னூலின் பாயிரத்திலேயே இருக்கிறது. ஆண்டுதோறும் அதை நடத்துகிறோம். தச்சனின் நூலை ஒரு நாளும் கையில் பிடித்ததில்லை. தொழிற்பெயருக்கு இலக்கணம் சொல்லத் தெரிந்த நமக்குத் தொழில் ஒன்றின் பெயரும் தெரியாது. கடைசல், மரை, நூல், பட்டி பார்த்தல் என்று பட்டறையில் புழங்கும் சொற்களைத் திரட்டிய ஆய்வேடு ஒன்றுக்கு நம் துறையில் ஒரு மாணவரையாவது நாம் ஊக்கியிருக்கிறோமா? இல்லை. பிறர்மீது பழிபோடவில்லை, நம்மையே சொல்கிறோம்.

இதில் எம் தந்தையாருக்கும் பங்குண்டு. சிறுவயதில் ஸ்பேனரைத் தொட்டால் கையில் அடிப்பார். "இந்தக் கரி என்னோட போகட்டும்" என்பார். கரி படாத வேலைக்கு அனுப்பினார், போனோம். அதனால் அவருக்குத் தெரிந்தது எதுவும் நமக்கு வரவில்லை. ஹெரால்டின் பானட் முன்னோக்கி முழுதாகத் தூக்கிக்கொள்ளும். முன்சக்கரத்தின்மீதே அமர்ந்து வேலை பார்க்கலாம். எழுபத்து நான்கு வயதில் அவர் ஒரு சக்கரத்தில், நாம் மறு சக்கரத்தில். அவர் கை நடுங்குகிறது. அதனால் அவர் சொல்ல நாம் முடுக்குகிறோம். 'போதும்' என்பதை எப்படி அறிகிறார் என்று கேட்டோம். "போதும்னா போதும்" என்கிறார். எழுதிக்கொள்ள முடியாத பாடம். நேரமும் அதிகமில்லை.

புகையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: உண்மைதான், நச்சுப்புகை வடிகட்டி வருவதற்கு முந்தைய காலத்து இன்ஜின் இது. அன்றாடம் நகரத்தில் ஓட்டினால் தவறு. ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடுமானால் அதிகம். புகைச்சோதனை கடுமையாக இருக்கட்டும், அதில் தோற்றால் நிறுத்திவிடுகிறோம். நாம் கேட்கும் சலுகை அதுவன்று. ஆர்.சி. புத்தகத்தில் ஆண்டு குறித்துப் பதியப்பட்ட மாற்றத்தை அந்த வாகனத்தின் வரலாற்றில் ஒரு பகுதியாக ஏற்க வேண்டும். எந்த ஆண்டில், எதை, ஏன் மாற்றினார்கள் என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள்; மாற்றியதால் தள்ளாதீர்கள். பாதுகாப்புக்காகச் செய்யும் மாற்றத்தையும் சேகரிப்பாளர்கள் குறையாகப் பார்க்கிறார்கள். இந்த வண்டியின் பிரேக் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே குழாய்த் தொடர். ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போயிற்று. பேருந்தில் அறுபது உயிர்களுக்குப் பிரேக் பார்த்தவர் இதை அப்படியே விடுவாரா? இரட்டைத் தொடராக மாற்றுகிறார். பேரப்பிள்ளைகள் ஏறப்போகும் வண்டி.

எங்கள் வண்டியின் பதிவு 2027-இல் முடிகிறது. அதுவரை விதி மாறாவிட்டால் கேட்கும் கட்டணத்தைக் கட்டிப் புதுப்பிப்போம். வண்ணம் பூசும்போது அந்தத் தகட்டின் ஓரத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறார். வலப்பக்க ட்ரன்னியன் ஏறிவிட்டது. எதிர்மரை இன்னும் பட்டறையில் இருக்கிறது; மூன்றாவதையும் திருப்பி அனுப்பியிருக்கிறார்.