ரெண்டும் ஒண்ணுதானே சார்?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்னு சொன்ன பெரியவங்க, 'ஆஃப் ஒயிட் கலர் எடுத்துப் பார்'ங்கறதை ஏன் விட்டாங்கன்னு தெரியலை மக்கா.

அம்மா ரூமுக்கு பெயிண்ட் அடிக்கணும். ஷேட் கார்டுல க்ரீம், ஐவரி, பீஜ்னு ஒரு பக்கம் முழுக்க ஒரே மாதிரி கட்டங்கள். "ரெண்டும் ஒண்ணுதானே சார்"னார் பெயிண்டர் அண்ணன். நான் க்ரீம் கட்சி. தங்கமணி பீஜ் கட்சி, அழுக்கு தெரியாதாம்.

ஒண்ணே இல்லீங்க. ஒண்ணுல மஞ்சள் ஒளிஞ்சிருக்கும், இன்னொண்ணுல இளஞ்சிவப்பு, வேறொண்ணுல பச்சை. பக்கத்துல ஒரு வெள்ளைத்தாளை வச்சுப் பாருங்க, குட்டு வெளிப்பட்டுடும். வெளிச்சமும் ஆளை ஏமாத்தும். 6500 கெல்வின் ட்யூப்லைட்ல நீலம் கலந்து வெளுத்துத் தெரியறது, 2700 கெல்வின் பல்புக்கு வெண்ணெய் மாதிரி ஆயிடும். கீழே ரெட் ஆக்ஸைடு தரைன்னா அந்தச் சிவப்பும் சுவத்துல ஏறும்.

அதனால கார்டை நம்பாதீங்க. சின்ன டப்பா வாங்கி, ரெண்டடிக்கு ரெண்டடி அட்டையில ரெண்டு கோட் அடிச்சு, நல்லா காய விடுங்க. எமல்ஷன் காஞ்சா பெரும்பாலும் கொஞ்சம் அழுத்தமாத்தான் தெரியும். பழைய சுவத்துலயே திட்டுத் திட்டா பூசிப் பாக்காதீங்க, சுத்தியிருக்கற பழைய கலர் கண்ணைக் குழப்பிடும். அட்டைன்னா ஒவ்வொரு சுவரா நகர்த்தி, காலை, மதியம், ராத்திரின்னு பாக்கலாம்.

நாங்களும் அப்படித்தான் பாத்தோம். பகல்ல க்ரீம்தான் பளிச்சுன்னு இருந்துது. ஜெயிச்சுட்டேன்னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன். ராத்திரி ஜீரோ வாட்ஸ் பல்பைப் போட்டுட்டு, ஸ்விட்ச் போர்டு பக்கத்துல ரெண்டு அட்டையையும் வச்சோம். கட்டில்ல இருந்தபடியே அம்மா பீஜைக் காட்டி, "இதுலதான்டா ஸ்விட்ச் இருக்கற இடம் தெரியுது"ன்னாங்க.

எனக்கு சுருக்குன்னுச்சு. கண்ணுல புரை ஆபரேஷன் ஆனவங்க. ராத்திரி பாத்ரூம் போக எழுந்தா, வெள்ளைச் சுவத்துல வெள்ளை ஸ்விட்சை இத்தனை நாளாத் தடவித் தடவித் தேடியிருக்காங்க. ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

பீஜே அடிச்சாச்சு. தங்கமணி இன்னமும் தான்தான் ஜெயிச்சதா நினைச்சிட்டிருக்காங்க. இருக்கட்டும் :-)

என் கட்சி இப்போ இதுதான்: எது அழகுன்னு கடையில நின்னு வாதாடாதீங்க. அந்த ரூமுல யார் இருக்கப் போறாங்களோ, அவங்க சிரமப்படற நேரத்துல, அவங்க கண்ணால பாக்கச் சொல்லுங்க.

உங்க வீட்டுல எந்தக் கட்சி ஜெயிச்சுது? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.