சங்கத்தைச் சுத்தம் செய்வது யார்?

அமெரிக்காவில் 'டீம்ஸ்டர்ஸ்' என்றொரு சங்கம் இருக்கிறது. லாரி ஓட்டுகிறவர்கள், கிடங்குகளில் மூட்டை இறக்குகிறவர்கள், வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோகிறவர்கள் எனச் சுமார் பதினைந்து லட்சம் பேர் சந்தா கட்டிவந்த ஸ்தாபனம். 1988 ஜூனில் அந்நாட்டு சர்க்கார் இந்தச் சங்கத்தின் மீதே கோர்ட்டில் வழக்குப் போட்டது. சங்கம் மாபியாக் கும்பலின் பிடியில் போய்விட்டது, கோர்ட்டின் பொறுப்பில் அதை வைக்க வேண்டும் என்பது வழக்கு. 1989 மார்ச்சில் சங்கத் தலைவர்கள் சமரசப் பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள். அன்று வந்த மேற்பார்வை 2020-ல்தான் முடிந்தது. முப்பத்தொரு வருஷங்கள்!

சங்கத்துக்குள் சர்க்கார் கால் வைத்தது என்றதும் தொழிலாளிக்குச் சந்தேகம் வருவது நியாயமே. ஆனால் குற்றச்சாட்டு பொய்யா? பொய்யில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

டீம்ஸ்டர்ஸ் தலைவராயிருந்த ஜிம்மி ஹோபா 1967-ல் சிறை சென்றார். 1971-ல் ஜனாதிபதி நிக்சன் தண்டனையைக் குறைத்து வெளியே விட்டார். 1975 ஜூலையில் ஒருநாள் ஹோபா காணாமற்போனார்; உடல்கூட இன்றுவரை அகப்படவில்லை. லாரித் தொழிலாளி முதுமைக் காலத்துக்கென்று சேர்த்த பென்ஷன் நிதி லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளுக்குக் கடனாகப் போயிற்று. நியூஜெர்ஸியில் 560-ம் கிளைச் சங்கத்தில் புரொவென்சானோ என்பவரின் கோஷ்டியை எதிர்த்து நின்ற ஒருவர் 1961-ல் கொலையுண்டார். சங்கக் கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்கிறவனுக்கு வீடு திரும்பும் வழியில் அடி விழும் என்றால், அங்கே கேள்வி கேட்க யாருக்குத் துணிவு வரும்?

இதில் லாபம் குண்டனுக்கு மட்டுமல்ல. முதலாளி குண்டனுக்குக் கொஞ்சம் கொடுத்தால் போதும், தொழிலாளிக்கு நிறையக் கொடுக்க வேண்டியதில்லை. தொழிலாளிக்குத் தெரியாமலே ஒப்பந்தம் கையெழுத்தாகிவிடும். விவசாயத் தொழிலாளித் தோழர்கள் கலிபோர்னியாவில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் 1965 முதல் ஐந்து வருஷம் போராடி, சேசர் சாவேஸ் தலைமையில் 1970-ல் ஒப்பந்தம் பெற்றார்கள். அதே வருஷம் கீரைத் தோட்ட முதலாளிகள் ஓடிப்போய் டீம்ஸ்டர்ஸ் தலைவர்களோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். 1973-ல் திராட்சை ஒப்பந்தங்களின் தவணை முடிந்ததும் அங்கும் அதே கதை. வயலில் குனிந்து வேலை செய்கிறவனைக் கேட்டவர் யார்? மறியல் செய்தவர்களை அடிக்க டீம்ஸ்டர்ஸ் அனுப்பிய தடியர்கள் வந்தார்கள். சங்கத்தின் பெயரிலேயே கருங்காலி வேலை!

சர்க்காருக்கு இதெல்லாம் 1988-ல்தான் தெரியவந்ததா? 1957-லேயே செனட் கமிட்டி விசாரணை நடத்தி நாறடித்தது. அதே வருஷம் தொழிற்சங்க மத்திய ஸ்தாபனமும் டீம்ஸ்டர்ஸை வெளியேற்றியது. ஆனால் 1972-ல் நிக்சனையும், 1980-ல் ரீகனையும் தேர்தலில் ஆதரித்தவர்கள் இந்தத் தலைவர்கள்தான். ரீகன் பதவியேற்குமுன் அமைத்த ஆலோசனைக் குழுவில் ஜாக்கி பிரெஸ்ஸருக்கு இடம் கிடைத்தது. அவர்தான் 1983-ல் டீம்ஸ்டர்ஸ் தலைவரானார். அதே ரீகன் 1981-ல் வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஊழியர்கள் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரே வீச்சில் டிஸ்மிஸ் செய்தார். 1947-ல் வந்த டாப்ட்-ஹார்ட்லி சட்டம், தாம் கம்யூனிஸ்ட் அல்லவென்று சங்க நிர்வாகிகள் பிரமாணம் செய்ய வேண்டுமென்று கட்டாயப்படுத்தியது. தாம் கொள்ளைக்காரன் அல்லவென்று பிரமாணம் செய்யச் சொன்னதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

ஆகவே சர்க்கார் தொழிலாளி மீது இரக்கப்பட்டு வந்தது என்று நாம் நம்பவில்லை. ஆனாலும் அந்தச் சமரசப் பத்திரத்தில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. அது சர்க்கார் வக்கீலின் மூளையில் உதித்ததல்ல.

1976-ல் சில லாரித் தொழிலாளர்கள் சேர்ந்து, சங்கத்துக்குள் ஜனநாயகம் வேண்டுமென்று ஓர் அமைப்பு தொடங்கினார்கள். அடிபட்டார்கள், சிவப்பர்கள் என்று வசைகேட்டார்கள். சர்க்கார் வழக்குப் போடத் தயாராகிறது என்று அறிந்ததும் அவர்கள் சொன்னது இதுதான்: 'எங்கள் தலையில் ஒரு அதிகாரியை உட்காரவைக்க வேண்டாம், தலைவரை நாங்களே நேரில் தேர்ந்தெடுக்க ஓட்டுக் கொடுங்கள்.' அதுவரை தலைவரை மகாநாட்டுப் பிரதிநிதிகளே தேர்ந்தெடுத்தார்கள். அந்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறோம். 1986-ல் லாஸ் வேகாஸ் மகாநாட்டின்போது நடந்த விருந்தில், ரோமாபுரிச் சிப்பாய் வேஷம் கட்டிய பயில்வான்கள் பிரெஸ்ஸரை ரதத்தில் வைத்துக் கொண்டுவந்தார்கள். அப்போது அவர்மீது ஊழல் வழக்கு இருந்தது. ஓட்டு எண்ணிக்கை: அவருக்கு 1,729, எதிர்த்தவருக்கு 24!

சமரசப் பத்திரப்படி 1991-ல் முதல் நேரடித் தேர்தல் நடந்தது. மூன்றில் ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. பயமும் நம்பிக்கையின்மையும் ஒரே நாளில் போய்விடுமா? இருந்தும் பழைய கூட்டம் தோற்றது. பார்சல் வண்டி ஓட்டிய ரான் கேரி ஜெயித்தார். 1997 ஆகஸ்டில் யு.பி.எஸ். பார்சல் கம்பெனியில் 1,85,000 பேர் பதினைந்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரைநாள் வேலைக்காரர்களுக்காக 10,000 முழுநேர வேலைகளைக் கம்பெனி உண்டாக்க ஒப்புக்கொண்டது. சங்கப் பென்ஷனை உடைக்கும் திட்டத்தையும் கைவிட்டது.

வெற்றி கிடைத்த சில நாட்களில், கேரி இரண்டாம் முறை ஜெயித்த 1996 தேர்தலைச் செல்லாது என்று தேர்தல் அதிகாரி அறிவித்தார். காரணம் கற்பனையல்ல. சங்கப் பணம் சுற்றுவழியில் கேரியின் தேர்தல் செலவுக்குத் திருப்பப்பட்டிருந்தது. அதை நாம் மூடிமறைக்க மாட்டோம். நமக்குப் பிடித்தவன் செய்தாலும் திருட்டு திருட்டுதான். 1998-ல் கேரி சங்கத்திலிருந்தே விலக்கப்பட்டார். 2001-ல் பொய்ச்சாட்சிக் குற்றச்சாட்டிலிருந்து ஜூரி அவரை விடுவித்தது. அதற்குள் பழைய ஹோபாவின் மகன் தலைவராகிவிட்டார்.

மேற்பார்வை போர்டில் உட்கார்ந்தவர்களையும் பாருங்கள். 1992 முதல் இருந்தவர்களில் ஒருவர் வில்லியம் வெப்ஸ்டர். எப்.பி.ஐ.-க்கும் சி.ஐ.ஏ.-க்கும் தலைவராயிருந்தவர்! மாபியாவோடு உறவுகொண்ட நிர்வாகிகள் பலரை இந்த ஏற்பாடு விரட்டியது உண்மை. தொழிலாளி சங்கத்தில் யார் இருக்கலாம், யார் போகலாம் என்று சி.ஐ.ஏ.க்காரர் கையெழுத்துப் போட்டதும் உண்மை. இன்று குண்டன்மீது பாயும் சட்டம் நாளை மறியல் செய்கிறவன்மீது பாயாது என்று யார் ஜாமீன் தருவது?

2015-ல் புது ஒப்பந்தம் ஏற்பட்டு ஐந்து வருஷத்தில் மேற்பார்வை விலகியது. உறுப்பினர்கள் தலைவரை நேரில் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் விலகவில்லை. 2021 தேர்தலில் ஹோபா மகனின் கோஷ்டி நிறுத்திய ஆள் தோற்றார். ஜெயித்தவர்களின் பக்கம் நின்றது, 1976-ல் அடிபட்டுக்கொண்டே தொடங்கிய அந்த அமைப்பு.