முகத்துக்குப் பின்னால்

எம்மிடம் கல்வி பயிலும் தலைமன்னார் மாணவன் ஒருவன் சென்ற மாதம் இரண்டு புகைப்படங்களைக் கொண்டுவந்து காட்டினான். இரண்டிலும் இருப்பவர் ஒருவரே. காலஞ்சென்ற அவனுடைய பாட்டனார். முதலாவது, ஸ்ரூடியோ ஒன்றில் எடுத்தது. மாளிகைப் படிக்கட்டும் பூஞ்சாடிகளும் தீட்டிய திரைச்சீலையின் முன், சரிகைச் சால்வையுடன் பெரியவர் வீற்றிருக்கின்றார். மற்றையது, தலைமன்னார் இறங்குதுறையில் யாரோ ஒரு பிரயாணி எடுத்து அனுப்பியது. தலையிற் சும்மாடு, வெற்றுமார்பு. பின்னே கப்பலின் புகைபோக்கியும் புகையிரதப் பெட்டிகளும்.

“எது நல்ல படம், ஐயா?” என்று வினவினான்.

துறைமுகப் படமே என்றோம். பெட்டி சுமந்து பிழைத்தவர் அவர் என்பதைப் பின்புலமே சொல்லிவிடுகின்றது. அது மட்டுமா? 1914இல் தொடங்கிய தனுஷ்கோடிக் கப்பற்போக்குவரத்தை 1964 டிசெம்பர்ப் புயல் முடித்துவைத்தது. போரினால் 1990இல் நின்ற தலைமன்னார்ப் புகையிரதம் 2015இலேதான் மீண்டும் வந்தது. மறைந்துபோன ஓர் உலகமன்றோ அவருடைய முதுகுக்குப் பின்னால் நிற்கின்றது!

மாணவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்னர், “அந்தப் படத்தைப் பாட்டனார் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தார், ஐயா. சுவரில் மாட்டியது மற்றதைத்தான்” என்றான்.

நாம் நாணினோம். பொய்யான படிக்கட்டு என்று நாம் எண்ணியதும் ஒரு கதையே. ஆயுள் முழுதும் பிறர் சுமையைச் சுமந்தவர், தம் பேரப்பிள்ளைகள் தம்மை எவ்வாறு நினைவுகூர வேண்டுமென விரும்பினார் என்பதை அது சொல்கின்றது.

இதிற் பெருங்கலைஞர்களும் இடறியதுண்டு. ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரோன் அம்மையார் தம் இறுதி ஆண்டுகளை இலங்கையிற் கழித்தவர். 1877இல் களுத்துறையில் தம் இல்லத்துக்கு வந்த மரியான் நோர்த் என்னும் ஓவியரைப் படம் பிடித்தார். கூந்தலை அவிழ்த்து, கம்பளிப் போர்வை சுற்றி, தென்னோலைகளின் நடுவே உச்சிவெயிலில் நிறுத்தி, இயல்பாக இருக்கச் சொன்னாராம். ஓலை முனைகள் தலையிற் குத்தியதையும், வெப்பமானி 96 பாகை காட்டியதையும் நோர்த் பின்னாளில் நகைச்சுவையோடு எழுதினார். அதே இல்லத்தின் விறாந்தையில் நோர்த் தம் ஓவியச் சட்டத்தின் முன் இருக்கும் படமொன்றும் உண்டு. அதிலோ பின்புலம் அவருக்கே உரியதாய் அமைந்துவிட்டது.

மன்னார்ப் பிள்ளைகள் கையில் இன்று கைத்தொலைபேசி உண்டு. படமெடுக்க இடங்களும் உண்டு. சில குறிப்புகள் கூறுவோம். பள்ளிமுனைப் பெருக்கமரத்தை ஒட்டி ஒருவரை நிறுத்தினால், 19 மீற்றருக்கு மேற்பட்ட சுற்றளவுடைய அம்மரம் வெறும் சுவராகிவிடும். நீங்கள் பின்வாங்கி நின்று எடுத்தால், அவரே மரத்துக்கு அளவுகோலாவார். கடற்கரையில் தொடுவானம் கழுத்தை வெட்டுமாயின் கமராவை நெஞ்சளவுக்குத் தாழ்த்துங்கள். தலையிலிருந்து பனையொன்று முளைத்தாற்போலத் தோன்றினால் ஓரடி விலகி நில்லுங்கள். வலை பின்னும் முதியவரின் வலையை அலங்காரமாகத் தொங்கவிட வேண்டாம். அது அவர் மடியிலேயே கிடக்கட்டும். சாய்வெயில் வீசும் காலையும் மாலையும் உகந்த வேளைகள்.

இவை யாவும் கைப்பழக்கம். மனப்பழக்கம் ஒன்று உண்டு. அதை நாம் கற்றது அந்த மாணவனிடத்தில். படமெடுக்குமுன், “எங்கே நிற்க விரும்புகிறீர்கள்?” என்று கேளுங்கள். பாட்டி அடுப்படியைக் காட்டலாம். புதுச்சேலை உடுத்தி வாயிற்படியில் நிற்கவும் விரும்பலாம். அவ்விடையே கதையின் பாதி. வீடுகளும் துறைகளும் மனிதரும் நமக்காகக் காத்திருப்பதில்லை. ஆதலால் கேட்பதை நாளைக்கென்று ஒத்திவையாதீர்கள்.

மாணவன் வீட்டுச் சுவரில் இப்பொழுது இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. ஒன்று அவர் வாழ்ந்த வாழ்வு. மற்றது அவர் வேண்டிய வாழ்வு. இரண்டும் சேர்ந்தே பாட்டனார்.