வீட்டு வண்டியும் பொதுக் கரையும்

அமெரிக்காவின் மேற்குக் கரையில், வாஷிங்டன் மாகாணத்திலே தோன்றி, ஆரிகன் வழியாகக் கலிபோர்னியாவுக்குள் இறங்கி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் முடியும் 101ஆம் எண் நெடுஞ்சாலையில், கோடைகாலத்து மாலை வேளைகளில், படுக்கையும் அடுப்பும் குளியலறையும் உள்ளடங்கிய பெரிய மோட்டார் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து செல்வதும், அவற்றின் ஜன்னல்களில் மனித முகங்களோடு நாய் முகங்களும் சேர்ந்து சமுத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதும் சர்வசாதாரணமான காட்சி. ஆர்.வி. என்று அமெரிக்கர் இரண்டெழுத்தில் அழைக்கும் இந்த வீட்டு வண்டியின் குணங்களைப் பற்றி அதை விற்பவர்களானாலும் வாங்குபவர்களானாலும் பேசத் தொடங்கினால், சுதந்திரம் என்ற சொல்லில்தான் வந்து நிற்பார்கள்: நினைத்த இடத்தில் நிறுத்தலாம், நினைத்த நேரத்தில் புறப்படலாம், ஹோட்டல்காரனுடைய தயவு வேண்டாம், நாயை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்ற கவலை வேண்டாம். இந்தப் பெருமிதத்தில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதியை வண்டிக்குள் தேடிப் பயனில்லை. அது சாலைக்கு மேற்கே மணலின்மேல் கிடக்கிறது. கரை எல்லோருக்கும் உரியது என்று முன்னொரு தலைமுறை வாதாடி நிலைநாட்டியிராவிட்டால், இந்த வண்டிகள் எத்தனை லட்சம் ஓடினாலும் பிறருடைய வேலியோரமாக ஓடிக்கொண்டிருக்குமேயன்றிக் கடலை அடைந்திரா என்பது என் அபிப்பிராயம்.

இவ்வகைப் பிரயாணத்துக்கு ஒரு புராணம் உண்டு. அந்தப் புராணத்தின் நாயகன் தனியன். நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக் 1960ஆம் ஆண்டு செப்டம்பரில், ஒரு லாரியின்மேல் சிற்றறை கட்டி, அதற்கு டான் குயிக்ஸாட்டின் குதிரையாகிய ரோசினாந்தேயின் பெயரைச் சூட்டி, சார்லி என்ற தம் நாயை மாத்திரம் துணைக்கு அழைத்துக்கொண்டு தம் தேசத்தைச் சுற்றப் புறப்பட்டதும், அந்த அனுபவத்தை 1962இல் நூலாக வெளியிட்டதும் பிரசித்தம். ஆனால் அவர் சென்ற வழியே ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் சென்று ஆராய்ந்த ஒரு பத்திரிகையாளர், அவர் பல இரவுகளை விடுதிகளில் கழித்தார் என்றும், நூல் காட்டுவதைவிட அதிகமான நாட்கள் அவருடைய மனைவி உடனிருந்தார் என்றும் எடுத்துக்காட்ட, 2012இல் வந்த பதிப்பின் முன்னுரையும் அந்நூலில் கற்பனை கணிசமாகக் கலந்திருப்பதை ஒப்புக்கொண்டது. இதனால் ஸ்டைன்பெக்கின்மேல் எனக்கு மதிப்புக் குறையவில்லை. தனிமையைப் போற்றி எழுதிய மகாகலைஞனாலும் தனிமையை நெடுநாள் தாங்க முடியவில்லை என்பதையே அது உணர்த்துகிறது. அவருக்கு வெகுகாலம் முன்னரே, ஹென்றி போர்டும் தாமஸ் எடிசனும் டயர் உற்பத்தியாளர் ஹார்வி பயர்ஸ்டோனும் இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸும் சிநேகிதர்களாகக் கூடி, சமையல்காரரும் சாமான் லாரிகளும் புடைசூழ, முகாமடித்து ஊர்சுற்றி வந்தார்கள். மோட்டார் முகாம் பிரயாணம் பிறக்கும்போதே கூட்டாளிகளோடுதான் பிறந்தது.

கூட்டாளிகள் இன்றியமையாதவர்கள் என்பதற்கு வண்டியின் அமைப்பே சாட்சி. நல்ல தண்ணீருக்கு ஒன்று, பாத்திரம் கழுவியதும் குளித்ததுமான நீருக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று என்று அதன் அடிப்பாகத்தில் மூன்று தொட்டிகள் உண்டு. முதல் தொட்டி காலியாகும் வேகத்திலேயே மற்ற இரண்டும் நிரம்புகின்றன. நான்கு சிநேகிதர்கள் ஏறிக்கொண்டு, கடலில் புரண்டு வந்த இரண்டு நாய்களின் ரோமத்திலிருந்து உப்பையும் மணலையும் அலசவும் தொடங்கிவிட்டால், சில நாட்களுக்குள் கழிவுநீர் கொட்டும் நிலையம் ஒன்றைத் தேடிப் போகவேண்டும். மூன்றாவது தொட்டியின் குழாயை இன்றைக்கு யார் பிடிப்பது என்ற வினாவுக்கு முகம் கோணாமல் விடையளிக்கும் சிநேகமே இத்தகைய பிரயாணத்தில் நிலைக்கும். மின்சார இணைப்பும் தண்ணீர்க் குழாயும் வண்டி நிற்கச் சமதளமும் வேண்டுமானால் மாகாணப் பூங்காக்களின் முகாம்களையோ தனியார் முகாம்களையோ அண்டவேண்டும். ஆகவே இந்த வண்டி வீட்டின் பாதியைத்தான் சுமந்து செல்கிறது. கிணறும் புழக்கடையும் திண்ணையும் ஆகிய மறுபாதியைக் கரையோரத்துச் சமூகம் தன் செலவில் கட்டிவைத்துக் காத்திருக்கிறது.

அந்த மறுபாதியிலும் தலையாயது கரையே. ஆரிகன் மாகாணத்தின் வரலாறு இவ்விஷயத்தில் ஊன்றிப் படிக்கத் தக்கது. 1913இல் அங்கே கவர்னராயிருந்த ஆஸ்வால்ட் வெஸ்ட், கொலம்பியா நதியிலிருந்து கலிபோர்னியா எல்லை வரையிலுள்ள ஈரமணல் முழுவதையும் பொது நெடுஞ்சாலையாகச் சட்டத்தின் மூலம் பிரகடனம் செய்வித்தார். அது வெறும் தந்திரமன்று. நல்ல சாலைகள் ஏற்படாத அக்காலத்தில் ஜனங்கள் மணலின்மீதே வண்டியோட்டி வந்தார்கள். ஆயினும் அலை எட்டாத உலர்ந்த மணலைப் பற்றி அந்தச் சட்டம் வாய் திறக்கவில்லை. 1966இல் கானன் பீச் என்ற ஊரில் விடுதி வைத்திருந்த ஒருவர், தம் விடுதிக்கு முன்னிருந்த உலர்மணலைக் கட்டைகளால் மறித்து, அங்கே தங்குவோருக்கே அது உரியது என்று ஒதுக்கிக்கொண்டபோது அந்த ஓட்டை வெளிச்சமாயிற்று. மறு ஆண்டு கவர்னர் டாம் மக்கால், நிலமளப்போரை அழைத்துக்கொண்டு ஹெலிகாப்டரில் போய்க் கடற்கரையிலேயே இறங்கி, பொதுஜன உரிமையின் எல்லைக்கோடு எங்கே விழவேண்டும் என்பதைப் பத்திரிகைக்காரர் கண்முன் அளந்து காட்டினார். 1967 ஜூலை 6ஆம் தேதி கடற்கரைச் சட்டம் கையெழுத்தாயிற்று. விடுதிக்காரர் வழக்காடினார். 1969இல் மாகாண உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைக்கையில், ஐரோப்பியர் வந்து சேர்ந்த காலத்திலேயே பூர்வகுடிகள் ஈரமணலில் சிப்பி தோண்டியும் உலர்மணலில் அடுப்பு மூட்டியும் வந்தார்கள் என்பதைச் சுட்டி, நெடுநாளைய வழக்காறே பொதுஜனத்தின் உரிமைக்கு ஆதாரம் என்று நிலைநாட்டியது. இன்றைக்கு அந்த மணலில் நாற்காலி போட்டுத் தேநீர் காய்ச்சுகிற பிரயாணி, தன் வண்டிக்குக் கொடுத்த விலைக்கு ஈடாக இந்த உரிமையைப் பெறவில்லை. பெயர் தெரியாத சிப்பி தோண்டிகளிடமிருந்து சுதந்தரமாக, அதாவது பிதுரார்ஜிதமாக, பெற்றிருக்கிறான்.

கலிபோர்னியாவில் போராட்டம் வேறு வழியில் நடந்தது. சோனோமா மாவட்டத்தில் ஸீ ராஞ்ச் என்ற குடியிருப்புத் திட்டம் பத்து மைல் அளவிலான கரையைப் பொதுஜனத்துக்கு அடைத்துவிடும் என்ற அச்சம் கிளப்பிய ஆவேசமும் சேர்ந்து, 1972இல் வாக்காளர்களே நேரடி வாக்கெடுப்பின் மூலம் கடற்கரைக் கமிஷன் ஒன்றை ஏற்படுத்தினார்கள். 1976இல் இயற்றப்பட்ட கடற்கரைச் சட்டம் அதை நிரந்தரமாக்கியது. சட்டம் வந்தபின்னும் கபடம் ஓயவில்லை. மாலிபு போன்ற செல்வந்தர் குடியிருப்புகளில், வண்டி நிறுத்தக்கூடாதென்று தனியார் தாமே பலகை எழுதி நட்டுவைத்த விந்தைகளும் நடந்தன. இயற்கையும் தன் பங்குக்கு ஆணையிடுவதுண்டு. 1937இல் திறக்கப்பட்ட பிக் ஸர் மலைச்சாலையில் 2017ஆம் ஆண்டு மே மாதம் ஒரு மலைச்சரிவே கடலுக்குள் இறங்க, அடுத்த ஆண்டு ஜூலை வரை அவ்விடத்தில் வழி மூடியிருந்தது. நீண்ட வண்டிகளுக்கு அந்த வளைவுகள் எக்காலத்திலும் உகந்தவையல்ல.

இனி நாய்களுக்கு வருவோம். சிநேகிதர்களுக்கிடையே நாள் முழுதும் நெருங்கியிருப்பதால் விளையும் சலிப்பை ஆற்றுவதற்கு நாயைவிடச் சிறந்த மத்தியஸ்தர் இல்லை. விடியலில் எல்லோரையும் எழுப்பி நடக்கச் செய்வதும், அண்டை வண்டியிலிருப்பவரோடு அறிமுகம் செய்துவைப்பதும் நாய்தான். ஆனால் பொதுக் கரை என்ற தத்துவத்தைச் சோதனைக்குள்ளாக்குவதும் அதுவே. ஆரிகனின் பெரும்பாலான கடற்கரைகளில், வாருடனோ எஜமானின் குரலுக்கு அடங்கியோ நாய் உலாவலாம். எல்லையைக் கடந்து கலிபோர்னியாவின் மாகாணப் பூங்காக்களுக்குள் புகுந்தால், வார் ஆறடிக்கு மேல் நீளக் கூடாது. பல பூங்காக்களில் நடைபாதையிலும் மணலிலும் நாய்க்கு அனுமதியே கிடையாது. அதே மாகாணத்தில் கார்மெல் நகரின் கடற்கரையிலோ, சொல் கேட்கும் நாய் வாரின்றி ஓடலாம். நேற்று ஓடிய நாய் இன்று கட்டுண்டு நிற்பதன் நியாயம் அதற்கு விளங்குவதில்லை. அதன் எஜமானர்களில் பலருக்கும் விளங்குவதில்லை.

நியாயம் இல்லாமலில்லை. பனி உப்புக்கொத்தி என்று நம்மவர் அழைக்கத்தக்க சிறு பறவையொன்று அக்கரையில் மணலைச் சற்றே குழித்து, கூடென்று எதுவும் கட்டாமல், மணலின் நிறத்திலேயே முட்டையிடுகிறது. ஓடிவரும் நாயைக் கண்டு தாய்ப்பறவை பறந்துவிட்டால், முட்டை வெயிலில் வெந்தோ காற்றில் பறக்கும் மணலில் புதைந்தோ போகும். நாய் அதைத் தொடவேண்டிய அவசியம்கூட இல்லை. பசிபிக் கரையிலுள்ள இப்பறவையினத்தை அழிவின் அச்சுறுத்தலுக்கு உள்ளானதென்று மத்திய அரசாங்கம் 1993இல் பட்டியலில் சேர்த்தது. ஆரிகனில் மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை குறிப்பிட்ட சில மணற்பகுதிகளில் நாயும் பட்டமும் வாகனமும் தடுக்கப்பட்டன. சில பத்துகளாகக் குன்றியிருந்த பறவைகள் அம்மாகாணத்தில் சில நூறுகளாகப் பெருகின. ஆறு மாதம் சில மைல் மணலை விட்டுக்கொடுத்ததற்குக் கிடைத்த இந்தப் பலன் அற்பமன்று. வார் நாயின் நன்மைக்கும் ஆனது. அறிகுறியின்றித் திடீரென்று உயர்ந்து வரும் அலைகளுக்குப் பெயர்போன அக்கரையில், இழுத்துச் செல்லப்பட்ட நாயைக் காப்பாற்றக் கடலில் குதித்தவர்கள் மாண்டுபோக, நாய் தானே நீந்திக் கரையேறிய பரிதாபங்கள் நிகழ்ந்திருக்கின்றன. பொது என்பதற்கு யாரும் எதையும் செய்யலாம் என்று பொருள் கொள்பவன், அதைத் தன் சொந்தமாகத்தான் பாவிக்கிறான். கட்டையடுக்கிய விடுதிக்காரருக்கும் அவனுக்கும் அளவிலேதான் வித்தியாசம்.

இதுவரை சொன்னவை உல்லாசப் பிரயாணிகளைப் பற்றியவை. அதே கரையில், அதே உருவமுள்ள வண்டியில், வாடகை கொடுக்க வகையில்லாமல் ஆண்டு முழுதும் குடியிருக்கும் ஏழைகளும் உண்டு; ஜெஸிகா புரூடர் 2017இல் எழுதிய நூலும், அதைத் தழுவிக் க்ளோயி ஜாவோ இயக்கி ஆஸ்கர் பரிசு பெற்ற 'நோமாட்லாண்ட்' திரைப்படமும் வண்டியே வீடாகிப்போன முதியோரின் வாழ்வை உலகறியச் செய்தன. லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த வெனிஸ் கடற்கரைத் தெருக்களில் இத்தகைய வண்டிகள் பெருகியபோது, அனுமதிச்சீட்டுள்ள உள்ளூரார் மட்டுமே இரவில் வண்டி நிறுத்தலாம் என்று ஏற்பாடு செய்ய நகர நிர்வாகம் முனைந்தது; அது பொதுஜனம் கரையை அடைவதற்குக் குந்தகம் என்று கடற்கரைக் கமிஷன் 2010இல் மறுத்துவிட்டது. வண்டியில் குடியிருப்பதைக் குற்றமாக்கிய அந்நகரத்துச் சட்டத்தையும், எது குற்றம் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் வீடற்றவர்களைப் பிடிக்கவே பயன்படுகிறதென்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் ரத்துச் செய்தது. வண்டிக்குள் உண்பதும் உறங்குவதும் சாமான் வைத்திருப்பதும் குற்றமானால், விடுமுறைக்கு வந்த குடும்பமும் குற்றவாளியே என்ற தர்க்கத்துக்கு விடையில்லை. இருப்பினும் காற்று இப்போது எதிர்த்திசையில் வீசுகிறது. பொது இடத்தில் உறங்குவதை நகரங்கள் தண்டிக்கலாம் என்று, ஆரிகனைச் சேர்ந்த ஒரு நகரின் வழக்கிலேயே, தேசத்தின் உச்ச நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்திருக்கிறது.

தெருவில் குடியிருப்போர் வீட்டுவாசல்களின் முன் கழிவுநீரை விடுகிறார்கள் என்ற உள்ளூராரின் முறையீடு பொய்யென்று நான் சொல்லமாட்டேன். மூன்று தொட்டிகளின் கணக்கை அறிந்தவன் அதற்குப் பரிகாரம் எதுவென்பதையும் அறிவான்: கொட்டுவதற்கு நிலையம் இல்லாதவிடத்தில் தெரு நிலையமாகிவிடும். முகாமில் இடம் பிடிக்கப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வல்லவனுக்குக் கிடைக்கும் குழாயும் கழிவுநிலையமும், அதற்கு வகையற்றவனுக்கு ஊருக்குள் குறைந்த கட்டணத்தில் கிடைக்குமாறு செய்தால், முறையீட்டில் பெரும்பகுதி தானே மறையும். தடைப்பலகை நடுவதற்கு ஆகும் செலவு குறைவுதான்; ஆனால் வண்டியிலிருப்பவன் யார் என்பதைப் பலகை கேட்பதில்லை. ஏழையின் வண்டியை அகற்றுவதற்காக இரவு நிறுத்தத்தை ஒழிக்கும் ஊரில், சிநேகிதர்களையும் நாய்களையும் ஏற்றிக்கொண்டு வரும் உல்லாச வண்டிக்கும் இரவில் இடமிராது.

ஆகையால் வீட்டு வண்டிப் பிரயாணிகள் தங்கள் நலத்தைச் சரியாக உணர்ந்தவர்களானால், பறவை முட்டையிடும் மாதங்களில் தங்கள் நாய்களை முணுமுணுப்பின்றிக் கட்டிவைப்பதோடு நில்லாமல், கழிவுநீர் நிலையங்களுக்காகக் கட்டணம் கேட்கப்படும்போது மனமுவந்து கொடுக்கவும், இரவு நிறுத்தத்துக்குத் தடை கோரும் மனுக்கள் கமிஷன் முன் வரும்போது வெனிஸ் தெருவில் குடியிருப்பவனுக்காகத் தாமே போய் வாதாடவும் வேண்டும். அவனுக்கு அடைபடும் கரையில் தங்களுக்கு மாத்திரம் கதவு திறந்திருக்கும் என்று அவர்கள் நம்புவதற்கு, ஆரிகனின் வரலாற்றிலோ கலிபோர்னியாவின் வரலாற்றிலோ யாதொரு ஆதாரமும் இல்லை.